டிஸ்க் போகும் நாளுக்கான விலை

வணக்கம் நேயர்களே. நம் சுங்கை சிப்புட் பக்கம் ஒரு செம்பனை ஆலை அலுவலகத்தை நினைத்துக்கொள்ளுங்கள். லோரி எடை ரசீது, சம்பளப் பட்டியல், இ.பி.எப். கணக்கு எல்லாவற்றையும் வைக்க ஒரு ஸ்டோரேஜ் பெட்டி வேண்டும். ஒரு கடைக்காரர் நாலு டிஸ்க் போட்ட நாஸ் பெட்டியை, அதாவது அலுவலகக் கணினிகள் எல்லாம் நெட்வொர்க் வழியே பயன்படுத்தும் ஸ்டோரேஜ் பெட்டியை, சில ஆயிரம் ரிங்கிட்டுக்குத் தருகிறார். பெரிய நிறுவனம் அதே கொள்ளளவுக்குப் பல மடங்கு கேட்கிறது. உள்ளே சுழல்வது கிட்டத்தட்ட அதே டிஸ்க்தான். பிறகு ஏன் இந்த விலை?

மலிவுப் பெட்டிக்கும் விலை கூடிய பெட்டிக்குமான இந்தச் சண்டை பழையது. 1990இல் இ.எம்.சி. நிறுவனம் சின்ன டிஸ்க்குகளை அடுக்கி, சிமெட்ரிக்ஸ் என்ற பெட்டியோடு ஐ.பி.எம்.மை எதிர்த்து வந்தது. அப்படிக் கீழேயிருந்து ஏறியவர்களே பிறகு மேல்தட்டு விலைக்காரர்கள் ஆனார்கள். 2016இல் டெல் அவர்களை வாங்கிவிட்டது. இன்று தைவான்காரர்கள் ஏறுகிறார்கள். அதில் சினாலஜி நிறுவனம், 2025இல் சில புதிய பெட்டிகளுக்குத் தன் முத்திரை டிஸ்க்தான் வேண்டும் என்றது, எதிர்ப்பு வந்ததும் அதே ஆண்டு தளர்த்தியது. மேலே ஏறியதும் அந்த மேல்தட்டுப் புத்தி வந்துவிடுகிறது பாருங்கள்!

டிஸ்க் ஒன்று போகிற நாளுக்குத்தான் அந்த அதிக விலை. நாலு 8 டெராபைட் டிஸ்க், ரெய்டு 5 என்று வையுங்கள், அதாவது ஒரு டிஸ்க் போனாலும் மற்றவற்றிலிருந்து தரவை மீட்கும்படி பிரித்து எழுதும் முறை. ஒன்று போனால், புதியதை நிரப்ப மீதி மூன்றையும் முழுக்கப் படிக்க வேண்டும். நொடிக்கு 200 மெகாபைட் வேகம் கிடைத்தாலும் 11 மணி நேரம். அலுவலகத்தில் வேலையும் நடந்தால் ஒரு நாளைத் தாண்டும். அதற்குள் இரண்டாவதும் போனால் எல்லாம் போச்சு. நாலையும் ஒரே நாளில் ஒரே கடையில் வாங்கியிருப்பீர்கள், வயதும் ஒன்று.

இன்னொன்று. மேசைக் கணினி டிஸ்க், படிக்க முடியாத இடம் வந்தால் ஒரு நிமிடம்கூட முட்டிக்கொண்டிருக்கும். டிஸ்க்குகளை நடத்தும் பல ரெய்டு கண்ட்ரோலர்கள் அவ்வளவு காத்திருக்காமல் டிஸ்க் செத்ததென்று ஒதுக்கிவிடும். நாஸ் டிஸ்க் வழக்கமாக 7 விநாடியில் கைவிரித்துவிடும், அந்தத் துண்டை மற்ற டிஸ்க்குகளிலிருந்து கணக்கிட்டுக்கொள்ளலாம். ஆனால் நாஸ் என்று விற்றவற்றிலும் சில எஸ்.எம்.ஆர். வகை என்பது 2020இல் வெளியானது. அதில் தடங்கள் ஓடு வேய்ந்ததுபோல் ஒன்றன்மேல் ஒன்று ஏறியிருக்கும், ஓரிடத்தை மாற்றப் பக்கத்துத் தடங்களையும் திரும்ப எழுத வேண்டும். நிரப்பும் வேலை நாள்கணக்கில் இழுக்கும். தடங்கள் ஒன்றன்மேல் ஒன்று ஏறாத சி.எம்.ஆர். வகையா என்று கேட்டு வாங்குங்கள். மறுபடி சொல்கிறேன், சி.எம்.ஆர்.

பெரிய பெட்டியில் கண்ட்ரோலர் இரண்டு. எழுதக் காத்திருக்கும் தரவு இரண்டிலும் இருக்கும், மின்சாரம் போனால் பேட்டரி காக்கும். பிறகு, பழுதானால் ‘நாலு மணி நேரச் சேவை’. அதைக் காசு கொடுத்து வாங்கும் முன் கேளுங்கள்: நாலு மணி நேரத்தில் வருவது பாகமா, தொலைபேசி அழைப்பா? பாகம் இருப்பது ஈப்போவிலா, கோலாலம்பூரிலா?

நம் ஆலைக்கு இரண்டு சின்னப் பெட்டி போதும், நகலோடு ஒன்று வேறு கட்டடத்தில். இரண்டு டிஸ்க் போனாலும் தாங்கும் ரெய்டு 6 போடுங்கள், பாதி இடம் போனாலும் பரவாயில்லை. மேசை டிராயரில் உபரி டிஸ்க் ஒன்று.

நேரம் முடிகிறது என்கிறார்கள், வேகமாகச் சொல்கிறேன். பெட்டியை நேரே இணையத்துக்குத் திறக்காதீர்கள், 2022இல் டெட்போல்ட் என்ற வைரஸ் கியூநாப் நிறுவனத்தின் நாஸ் பெட்டிகளில் இருந்த கோப்புகளை அப்படித்தான் பூட்டியது. யூ.பி.எஸ். வைத்தால் அதன் யூ.எஸ்.பி. கம்பியையும் பெட்டியில் செருகுங்கள், இல்லையென்றால் பேட்டரி தீர்வது பெட்டிக்குத் தெரியாது.