மாநாட்டு மண்டபமும் ஊருக்கு வரும் பணமும்

அன்பார்ந்த நேயர்களுக்கு வணக்கம். ரொறன்ரோவில், சி.என். கோபுரத்தின் அருகே ஃபிரண்ட் வீதியில் இருக்கும் மாநாட்டு மையத்தைக் கடந்து போகாதவர்கள் நம்மில் குறைவு. ரயில்வே நிலத்தில் 1984இல் திறக்கப்பட்டு, 1997இல் தெற்குக் கட்டடமும் சேர்ந்து விரிந்த அந்த மையம் மாகாண அரசுக்குச் சொந்தமானது. அதன் வரவுசெலவை மட்டும் வைத்துக்கொண்டு அது ஊருக்கு இலாபமா நட்டமா என்று வாதிடுவோரை நெடுங்காலமாகக் கேட்டு வருகிறேன். மண்டப வாடகையில் அதற்கு விடை கிடைக்காது என்பதே என் கட்சி.

பெப்ரவரியில் அங்கே மோட்டார் வாகனக் கண்காட்சி நடக்கிறது. மூன்று இலட்சத்துக்கும் மேற்பட்டோர் வருகிறார்கள். மார்ச்சில் கனிம ஆய்வுத் துறையினரின் மாநாடு; அதற்கு வருவோர் ஏறத்தாழ 25,000 பேர். கூட்டத்தைப் பார்த்தால் முதலாவதே பெரிது. ஆனால் கார் பார்க்க வருபவர்களில் பெரும்பாலோர் பிரம்டனிலிருந்தோ மார்க்கத்திலிருந்தோ பிள்ளைகளோடு வந்து, சாப்பிட்டுவிட்டு, மாலையில் வீடு திரும்புகிறவர்கள். அன்றைய செலவைக் கண்காட்சி இல்லாவிட்டாலும் இந்த வட்டாரத்திலேயே வேறொரு கடையில் செய்திருப்பார்கள். பெருவிலிருந்தும் ஆஸ்திரேலியாவிலிருந்தும் வரும் சுரங்கத் துறையினரோ அறை எடுத்துத் தங்கி, இரவு விருந்து கொடுத்து, டாக்சியில் போய் வருகிறார்கள். அது வெளியிலிருந்து வரும் பணம். ஆகவே எத்தனை பேர் வந்தார்கள் என்பதைவிட எத்தனை இரவுகள் தங்கினார்கள் என்று கேளுங்கள். நகர மையத்து ஹோட்டல்கள் நிரம்பினால், பியர்சன் விமான நிலையத்தை ஒட்டிய மிசிசாகா, எற்றோபிக்கோ விடுதிகளுக்கும் அந்த இரவுகள் போய்ச் சேர்கின்றன. விமான நிலையத்துக்கும் யூனியன் நிலையத்துக்கும் இடையே 25 நிமிடத்தில் ஓடும் ரயில் 2015இல் வந்தபின் அது இன்னும் எளிதாகிவிட்டது.

இதை இந்த ஊர் வலியோடு கற்றுக்கொண்ட ஆண்டு 2003. சார்ஸ் என்னும் சுவாச நோய் பரவிய அந்த ஏப்ரல் தொடக்கத்தில், புற்றுநோய் ஆய்வுக்கான அமெரிக்கச் சங்கத்தின் ஆண்டு மாநாடு இங்கே கூடவிருந்தது. ஆயிரக்கணக்கான ஆய்வாளர்கள் புறப்படவிருந்த நேரத்தில் அது கைவிடப்பட்டு, பின்னர் ஜூலையில் வாஷிங்டனில் நடந்தது. ஏப்ரல் 23 அன்று, ரொறன்ரோவுக்கு அவசியமற்ற பயணங்களைத் தவிர்க்குமாறு உலக சுகாதார நிறுவனமும் அறிவித்தது. ஒரு வாரத்திலேயே அந்த அறிவிப்பு மீளப் பெறப்பட்டது. ஆனால் போன மாநாடு போனதுதான். மண்டபத்துக்கு வாடகை நட்டம் என்று எழுதிக்கொள்ளலாம். விருந்துகளுக்கு ஆள் தேவைப்படும்போது மட்டும் தொலைபேசியில் கூப்பிடப்படும் பரிமாறுபவருக்கும், நிரம்பிய அறைகளின் கணக்கில் வேலைநேரம் பெறும் துப்புரவுப் பெண்ணுக்கும் எந்தப் பேரேட்டில் எழுதுவது? அந்தத் தொலைபேசி வாரக்கணக்கில் ஒலிக்காத வீடுகளில் நம்மவர் வீடுகளும் இருந்தன. இரவுகளை எண்ணுங்கள் என்று நான் திரும்பத் திரும்பச் சொல்வது அதனால்தான்: ஓர் இரவு குறைந்தால் யாரோ ஒருவருக்கு வேலைநேரம் குறைகிறது.

நேரம் முடியப்போவதாக நிலையத்தார் சைகை காட்டுகிறார்கள். கடைசி விடயத்தைச் சுருக்கியே சொல்கிறேன். விருந்து முடிந்து, மேசைகளை மடித்து அடுக்கிவிட்டு ஊழியர் வெளியே வரும்போது நள்ளிரவு தாண்டிவிடும். அவர்களில் நகரின் கிழக்கே ஸ்காபரோவுக்குத் திரும்புகிறவர்களை எண்ணிப் பாருங்கள்: அங்கே ஓடிய இலகு ரயில் 2023 ஜூலையில் தடம் புரண்டபின் மூடப்பட்டுவிட்டது. சப்வே நீட்டிப்பு முடியும்வரை கென்னடி நிலையத்திலிருந்து பேருந்துதான். மண்டபங்களை விரிவாக்கத் திட்டமிடுவோர் இரவுப் பேருந்துக்கான செலவையும் அதே கோப்பில் சேர்க்க வேண்டும் என்று கோருகிறேன். நன்றி, வணக்கம்.