தாருக்கு முன்னால் தண்ணீர்

நேயர்களே, வணக்கம். நெல்லை வட்டாரத்தில் நெடுஞ்சாலைத்துறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். தார் போடுகிற துறை என்றுதான் பலருக்கும் நினைப்பு. நான் பார்த்தவரையில் அந்தத் துறைக்கு முதல் வேலை தண்ணீரைக் கடத்தி விடுவது. தாரெல்லாம் அப்புறம்தான்.

நம்ம பக்கம் சேரன்மகாதேவிக்குப் போனாலும் சரி, ஸ்ரீவைகுண்டத்துக்குப் போனாலும் சரி, வயக்காடும் வாய்க்காலும் கூடவே வரும். மழைத்தண்ணீர் சாலையைத் தாண்டித்தான் ஆகவேண்டும். அதற்காகத்தான் சாலையின் நடுவை லேசாக உயர்த்தி, மீட்டருக்கு இரண்டு, இரண்டரை சென்டிமீட்டர் சரிவு கொடுக்கிறோம். தண்ணீர் ஓரத்துப் புருவத்தில், அதாவது தாரை ஒட்டிய மண் ஓரத்தில் வழிந்து, பக்க வாய்க்காலில் இறங்கி, சிறுபாலம் வழியாக மறுபக்கம் போய்விடும். இதில் ஒன்று அடைபட்டாலும் தண்ணீர் சாலைக்குள்ளேயே இறங்கும். ஜல்லியை விட்டுத் தார் பெயரும், அடிமண் இளகும், லாரி ஏறினால் பள்ளம். கங்கைகொண்டான், மானூர்க் கரிசலில் கேட்கவே வேண்டாம். ஊறினால் மண் உப்பும், காய்ந்தால் வெடிக்கும்.

பத்தமடைப் பக்கம் ஓரிடத்தில் ஐப்பசி வந்தாலே பள்ளம் விழும். நான் அங்கே மாறுதலாகிப் போனபோது, மேலே இன்னொரு அடுக்கு போடுவதாக ஏற்பாடு. எங்கள் சாலைப் பணியாளர்களில் மூத்தவர் ஒருவர், அண்ணாச்சி என்றுதான் கூப்பிடுவோம், மண்வெட்டியை ஊன்றிக்கொண்டு சொன்னார்: "மேல மேல தார் போட்டு என்ன செய்ய சார்? இதுக்கு அடியில ஒரு பாலம் உண்டு. சின்னப்பிள்ளையில நாங்க அதுக்குள்ள நுழைஞ்சு விளையாடுவோம்." காகிதத்தில் அப்படி ஒரு பாலமே இல்லை. அவர் காட்டிய இடத்தில் கடப்பாரையால் குத்திப் பார்த்தால் கல் இடிக்கிறது! வாயை யாரோ மண் கொட்டி மேடாக்கி வேலிமுள் வைத்திருந்தார்கள். வெட்டித் திறந்தோம். அந்த மழைக்கே தண்ணீர் சலசலவென்று அடியில் ஓடியது. பிறகுதான் தார் போட்டோம். நான் அங்கிருந்தவரை மறுபடி பள்ளம் விழவில்லை. இப்படித் தெரிந்த ஆளை ஊரில் வைத்திருப்பது எவ்வளவு பெரிய சொத்து என்று எந்த அதிகாரியிடமும் நான் வாதாடுவேன்.

பாலம் என்றதும், நெல்லையையும் பாளையங்கோட்டையையும் இணைத்துத் தாமிரபரணியின் மேல் நிற்கிற சுலோச்சன முதலியார் பாலத்தைச் சொல்லாமல் போக மனம் வரவில்லை. அவர் சொந்தப் பணம் போட்டுக் கட்டி, 1843ல் திறந்தது. பதினோரு வளைவு. ஆறு போக இடம் விட்டிருக்கிறார்கள், இன்றைக்கும் நிற்கிறது. 2023 டிசம்பர் வெள்ளத்தில் எத்தனை சாலைகள் அறுந்தன என்பதைப் பார்த்தவர்கள் நீங்கள். கடை வாசலுக்காகப் பக்க வாய்க்காலைத் தயவுசெய்து மூடாதீர்கள்.

நேரம் முடிகிறது என்று சைகை காட்டுகிறார்கள். யாரிடம் புகார் சொல்வது என்பதையாவது சொல்லிவிடுகிறேன். ஊர்ச்சாலை என்றால் பெரும்பாலும் ஊராட்சி ஒன்றியம், நகரத்தெரு மாநகராட்சி. கிலோமீட்டர் கல்லின் தலை மஞ்சளாக இருந்தால் தேசிய நெடுஞ்சாலை, பச்சை என்றால் மாநில நெடுஞ்சாலை. மனுவில் அந்தக் கல்லில் உள்ள எண்ணையும் எழுதுங்கள். பள்ளத்துக்குப் பக்கத்தில் சிறுபாலம் இருந்தால் அதையும் சேர்த்து எழுதுங்கள். வணக்கம்.