ஆயில் மாத்தினா பிபி ஏறுது! | கிரான் டூரிஸ்மோ 7

வணக்கம் மக்களே! எப்பவும் போல டீ கையில இருக்கு, ஆனா இன்னிக்கு கொஞ்சம் கடுப்புலதான் வந்திருக்கேன். போன டோக்கியோ ரேஸ் வீடியோவுக்குக் கீழ கமெண்ட்ஸ போய்ப் பாருங்க. "அண்ணே, நீங்க குடுத்த செட்டிங் அப்படியே போட்டேன், உங்களுக்கு பிபி 599, எனக்கு 590தான் காட்டுது, ஏமாத்திட்டீங்க"ன்னு ஒருத்தர். "ஆயில் மாத்தினதும் வண்டிய ரேஸ்ல சேர்க்க மாட்டேங்குது, கேம்ல பக்"னு இன்னொருத்தர். (பிபின்னா வண்டியோட திறனுக்கு கேம் குடுக்கிற மார்க்.) பக்கும் இல்ல, நான் ஏமாத்தவும் இல்ல. ரெண்டு பேருக்கும் ஒரே வியாதி. கிலோமீட்டர்!

இந்த கார் ரேஸ் கேம்ல வண்டி ஓட ஓட தேயும். மூணு எடத்துல தேயும். ஆயில் கெடும், பவர் குறையும். இன்ஜினே தேயும், அதுலயும் பவர் குறையும், ஆனா ஆயில் மாத்தி அத திரும்ப வாங்க முடியாது, ஓவர்ஹால்தான், அதாவது இன்ஜின பிரிச்சு சரி பண்ணணும். மூணாவது பாடி. பாடியோட இறுக்கம் போயிடும், வளைவுல ஸ்டியரிங் திருப்பினா வண்டி ஒரு நொடி யோசிச்சுட்டு திரும்புற மாதிரி இருக்கும். சஸ்பென்ஷன் செட்டிங்தான் தப்புன்னு நெனச்சு ராத்திரி பூரா அதையே நோண்டிட்டு இருப்பீங்க.

டயர் தேய்மானத்த இதோட குழப்பிக்காதீங்க. டயர், பெட்ரோல், இடிச்சா வர்ற டேமேஜ் எல்லாம் அந்த ரேஸோட சரி. நான் சொல்ற தேய்மானம் ஓடோமீட்டரோட கூடவே வரும், ரேஸ் முடிஞ்சாலும் போகாது.

சரி, டோக்கியோ 600, அதாவது 600 பிபிக்கு மேல இருக்கிற வண்டிய சேர்க்காத ரேஸ். ஈஸ்ட் ட்ராக் ஒரு ரவுண்டு 7.3 கி.மீ., மொத்தம் 12 ரவுண்டு. ஒரு ரேஸுக்கு 87.6 கி.மீ. ஞாயித்துக்கிழமை உக்காந்து பத்து தடவை ஓட்டினீங்கன்னா 876 கி.மீ.! காசுக்காக ஒரே வண்டிய ஒரே ரேஸ்ல போட்டுத் தேய்க்கிறவங்க வண்டி வேகமா கெடத்தான செய்யும்? இதுல ஆயில் மாத்த யோசிக்கிறாங்க பாருங்க, அதுதான் எனக்குத் தாங்க முடியல. கேம் காசுல அடிப்படைப் பரிசு 5,50,000. யாரையும் இடிக்காம, சுவத்துல உரசாம முடிச்சா கிளீன் ரேஸ் போனஸ் 50 சதவீதம், மொத்தம் 8,25,000. அந்தக் காசுல ஆயில் செலவு பொரிகடலைக் காசுய்யா! அதுல போய் மிச்சம் புடிக்கிறீங்க.

இப்ப அந்த "பக்" தம்பிக்கு வருவோம். பழைய ஆயிலோட இருக்கிற வண்டிய 599.9-க்கு செட் பண்ணி வெச்சிருக்கார். ஜிடி ஆட்டோ (கேம்ல இருக்கிற ஒர்க்‌ஷாப்) போய் மெயின்டெனன்ஸ்ல ஆயில் மாத்தறார். போன பவர் திரும்ப வருது. பவர் ஏறினா பிபி ஏறும். (டாக்டர் பாக்கிற பிபி இல்ல, பெர்ஃபார்மன்ஸ் பாயிண்ட்ஸ். இந்த கமெண்ட்ஸ படிச்சா எனக்கு அதுவும்தான் ஏறுது.) 600 தாண்டிருச்சு, ரேஸ்ல சேர்க்கல. அவ்வளவுதான் விஷயம்.

"அப்போ ஆயில மாத்தாமலே விட்டா பிபி தானா குறையுமே, செலவில்லாம லிமிட்டுக்குள்ள வந்துடலாமே"ன்னு ஒரு புத்திசாலி கேப்பார். வேணாம். ரெண்டு காரணம். ஒண்ணு, அது ஒரு எடத்துல நிக்காது. 600-ல ஓட வேண்டிய வண்டி நாலு நாள் கழிச்சு 594-ல ஓடிட்டு இருக்கும், நீங்க கவனிக்கவே மாட்டீங்க. ரெண்டாவதுதான் முக்கியம். ஆயில் கெட்டா இழுவை எல்லா ஆர்பிஎம்லயும் (இன்ஜின் சுத்துற வேகம்) கொறையுது. பவர் ரெஸ்ட்ரிக்டர், அதாவது இன்ஜின் பவர கட்டுப்படுத்துற பார்ட், அப்படி இல்ல, மேல் ஆர்பிஎம்ல மட்டும் தலைய வெட்டும், நடுவுல இருக்கிற டார்க்க (இழுவிசைய) பெருசா தொடாது. அதனால புது ஆயில் போட்டு, ரெஸ்ட்ரிக்டர ஒவ்வொரு சதவீதமா இறக்கிட்டு வாங்க. அதே 600-ல வளைவு விட்டு வெளிய வரும்போது இழுவை நல்லா இருக்கும். இன்ஜின் கம்ப்யூட்டர்ல பவர் அவுட்புட்ட குறைக்கிறதும் உண்டு, ஆனா அது மொத்த பவர் கிராஃபையும் கீழ தள்ளும். அதனால எனக்கு முதல்ல ரெஸ்ட்ரிக்டர், பத்தலைன்னாதான் கம்ப்யூட்டர். கடைசி அரை பிபிக்கு பேலஸ்ட்ட (வண்டில ஏத்துற கூடுதல் எடை) ஒவ்வொரு கிலோவா ஏத்துங்க.

ஆங், ஒண்ணு விட்டுட்டேன், வரிசை! மொதல்ல பாடி, அப்புறம் ஓவர்ஹால், அப்புறம் ஆயில், எல்லாம் முடிஞ்ச பிறகுதான் செட்டிங் ஷீட் (வண்டிய ட்யூன் பண்ற பக்கம்). செட்டிங்க முடிச்சுட்டு ஓவர்ஹால் பண்ணீங்கன்னா மறுபடி ஒண்ணுலேர்ந்து ஆரம்பிக்கணும்.

இப்ப 590 காட்டுதுன்னு திட்டினவருக்கு. நீங்க செகண்ட் ஹேண்ட்ல வாங்கின வண்டி. லிஸ்ட்லயே கிலோமீட்டர் போட்டிருக்கு, விலைய மட்டும் பாத்துட்டு கிலோமீட்டர பாக்காம விட்டுட்டீங்க. ஓவர்ஹால் ஆயில் மாதிரி சில்லறை கிடையாது, வண்டிக்கு வண்டி ரேட் மாறும். வண்டி விலை, ஓவர்ஹால், பாடி மூணையும் கூட்டிப் பாருங்க, அதுதான் நெஜ விலை. அதே மாடல் பிராண்ட் சென்ட்ரல்ல (கேம்ல புது வண்டி விக்கிற எடம்) புதுசா கெடச்சா, கூட்டின தொகையோட ஒப்பிட்டுட்டு வாங்குங்க.

பாடி, ஓவர்ஹால், ஆயில் மூணும் பண்ணியும் பிபி ஒத்து வரலைன்னா, நெரந்தர பார்ட்ஸ பாருங்க: இன்ஜின் பவர ஏத்துற போர் அப், ஸ்ட்ரோக் அப், போர்ட் பாலிஷ், அப்புறம் எடைய குறைக்கிற வெயிட் ரிடக்ஷன். இதெல்லாம் ஒருதடவை போட்டா கழட்ட முடியாது. என் வண்டில இருக்கிறது உங்க வண்டில இல்லைன்னா நம்பர் எப்படி ஒத்து வரும்? தவறிப் போட்டுட்டீங்கன்னா புது இன்ஜினோ புது பாடியோ வாங்கினாதான் பழையபடி ஆகும். புது இன்ஜின் வாங்கினா அதுல நீங்க ஆசையா போட்ட மத்த பார்ட்ஸும் சேர்ந்து போயிடும், பாத்து.

இனி நான் குடுக்கிற ஒவ்வொரு செட்டிங்குலயும் ஆயில் புதுசா, ஓவர்ஹால் ஆச்சா, பாடி சரி பண்ணியாச்சா, எந்தெந்த நெரந்தர பார்ட்ஸ்னு மேலயே எழுதிடறேன். போன வீடியோல அத எழுதாம விட்டது என் தப்புதான், ஒத்துக்கறேன்.

நீங்களும் ஒரு வேலை பண்ணுங்க. ஆயில் மாத்தின உடனே ஓடோமீட்டரையும் பிபியையும் ஒரு ஸ்கிரீன்ஷாட். அப்புறம் ஒவ்வொரு ரேஸ் முடிஞ்சதும் அதே ஷீட்ட தொறந்து பாருங்க. பிபி ஒண்ணு, ஒண்ணரை கொறஞ்சா ஜிடி ஆட்டோவுக்கு விடுங்க.

அப்புறம், கார் வாஷ் பத்தியும் ஒருத்தர் கேட்டிருந்தீங்க. கழுவினா அழுக்குதான் போகும். பவரும் ஏறாது, பிபியும் ஏறாது. ரீப்ளேல பளபளன்னு தெரியணும்னா கழுவுங்க.