மெக்கானிக்கும் அவரே, டிரைவரும் அவரே: வெண்டல் ஸ்காட்

எல்லாருக்கும் வணக்கம். கார்ப் பந்தயம் பற்றிப் பேசப் போகிறேன் என்றதும் உங்களில் பாதிப் பேர் ஃபார்முலா ஒன் என்று நினைத்து வந்திருப்பீர்கள். நான் பேச வந்தது அதைப் பற்றி இல்லை. அமெரிக்காவின் தென்பகுதியில் செம்மண் தடங்களில், கடையில் விற்கிற சாதாரணக் காரை முறுக்கேற்றி ஓட்டுகிற ஸ்டாக் கார் பந்தயத்தைப் பற்றி. அதில் 495 பெரிய பந்தயங்களில் ஓடி ஒரே ஒரு தடவை ஜெயித்த ஒருவரைப் பற்றி. அவர் பெயர் வெண்டல் ஸ்காட்.

495க்கு ஒன்று என்று கேட்டதும் "இதுக்கா ஒரு கூட்டம்?" என்று தோன்றும். அந்தக் கணக்கைச் சரியாகப் படிப்பது எப்படி என்று காட்டத்தான் இன்று வந்தேன்.

முதலில் அந்த மண் தடத்தைப் பார்த்துவிடுவோம், அது புரியாவிட்டால் மற்றது எதுவும் புரியாது. அரை மைல் நீள வட்டம் என்று வைத்துக்கொள்ளுங்கள், நம் கணக்கில் 800 மீட்டர். களிமண் கலந்த செம்மண். பந்தயத்துக்கு முன்னால் லாரியில் தண்ணீர் தெளித்து மண்ணைப் பதமாக்குவார்கள். ஆரம்பத்தில் அது டயரைப் பிடித்துக்கொள்ளும், பிடிமானம் நன்றாக இருக்கும், ஆனால் முன்னால் போகிற கார் சேற்றை அள்ளிப் பின்னால் வருகிறவன் கண்ணாடியிலும் ரேடியேட்டரிலும் அப்பும். ஐம்பது, அறுபது சுற்று போனதும் ஈரம் காய்ந்து புழுதி கிளம்பும், அப்புறம் தடம் ஒரு பக்கம் மெழுகியது போல வழுக்க ஆரம்பிக்கும், இன்னொரு பக்கம் குழி விழும். வளைவில் வண்டியின் பின்பக்கம் வெளியே இழுத்துக்கொண்டு போகும், அப்போது இடதுபக்கம் திரும்புகிற வண்டியின் ஸ்டியரிங்கை வலதுபக்கம் பிடிக்க வேண்டும், பிரேக்கைவிட ஆக்ஸிலரேட்டரால்தான் வண்டியைத் திருப்ப வேண்டும். இதை ஒரு தடவை செய்வது வித்தை. இருநூறு சுற்று, குழியில் விழுந்து எழுந்து, ஆக்சில் உடையாமல், ரேடியேட்டர் கொதிக்காமல் செய்வது வேறு விஷயம். ஸ்காட் அந்த இரண்டாவது விஷயத்தில் கைதேர்ந்தவர்.

1921ஆம் ஆண்டு வர்ஜீனியா மாநிலத்தில் டான்வில் என்ற ஊரில் பிறந்தார். பஞ்சாலையும் புகையிலைக் கிடங்குகளும் நிறைந்த ஊர். கறுப்பினத்தவருக்குத் தனிப் பள்ளி, தனி இருக்கை என்று எல்லாவற்றிலும் பிரித்து வைத்திருந்த காலம். அவருடைய அப்பா வசதியான வெள்ளைக்காரக் குடும்பங்களுக்கு டிரைவராகவும் மெக்கானிக்காகவும் வேலை பார்த்தவர், கை சும்மா இருக்காத பையன் அவரிடமிருந்து தொழிலைப் பிடித்துக்கொண்டான். ஆலை வேலை வேண்டாம், யாருக்கும் கீழே நிற்க வேண்டாம் என்பதில் ஸ்காட் சின்ன வயதிலிருந்தே உறுதி. டாக்ஸி ஓட்டினார், இரண்டாம் உலகப் போரில் ராணுவத்தில் ஐரோப்பா போய் அங்கேயும் வண்டிகளைப் பழுது பார்த்தார், திரும்பி வந்து சொந்தமாக ஒர்க்‌ஷாப் போட்டார்.

ஒர்க்‌ஷாப் வருமானம் போதவில்லை. ராத்திரியில் கள்ளச்சாராயம் கடத்தினார். இதை மறைத்துப் பேச வேண்டிய அவசியம் இல்லை, அந்தப் பந்தய உலகமே அப்படித்தான் உருவானது. வெளியில் பார்த்தால் சாதாரணக் கார், உள்ளே என்ஜின் போலீஸ் காரை மிஞ்ச வேண்டும், சரக்கு ஏற்றினாலும் பின்பக்கம் தாழக் கூடாது. இந்த மாதிரி வண்டிகளைத் தயார் செய்து மலைச் சாலைகளில் விரட்டியவர்கள் பலர்தான் ஞாயிற்றுக்கிழமை மண் தடத்தில் போட்டி போட்டார்கள். 1948இல் ஸ்டாக் கார் பந்தயங்களை நடத்துகிற நாஸ்கார் என்ற அமைப்பு உருவானபோது அதன் ஆரம்பகால ஓட்டுநர்களில் சிலர் இந்த வழியில் வந்தவர்களே. ஸ்காட் 1949இல் ஒரு தடவை மாட்டிக்கொண்டார், மூன்று வருடம் நன்னடத்தைக் கண்காணிப்பில் விட்டார்கள்.

அந்தப் போலீஸ் தொடர்புதான் அவரைப் பந்தயத்துக்குக் கொண்டுவந்தது. 1952ஆம் ஆண்டு மே மாதம். டான்வில் பொருட்காட்சித் திடலில் பந்தயம் நடத்தியவர்களுக்குக் கூட்டம் போதவில்லை. ஒரு கறுப்பின ஓட்டுநரை இறக்கினால் வேடிக்கை பார்க்க ஜனம் வரும் என்று கணக்குப் போட்டு, ஊரில் வேகமாக ஓட்டுகிற கறுப்பினத்தவர் யார் என்று போலீஸிடமே கேட்டார்கள். துரத்தித் துரத்திக் களைத்தவர்களுக்குத்தானே தெரியும்! ஸ்காட் பெயரைச் சொன்னார்கள். முதல் பந்தயத்தில் வண்டி பாதியில் நின்றது, கூட்டம் கூச்சல் போட்டது. ஆனால் அவருக்குத் தொழில் எது என்று அன்றைக்குத் தீர்மானமாகிவிட்டது. அடுத்தடுத்த நாட்களில் வட கரோலினாவில் நாஸ்கார் பந்தயங்களுக்கு வண்டியைக் கட்டி இழுத்துக்கொண்டு போனார், கறுப்பினத்தவருக்கு இடமில்லை என்று திருப்பி அனுப்பினார்கள். சரி என்று நாஸ்காரில் சேராத சின்னப் பந்தயங்களுக்குப் போனார். முதல் பந்தயம் ஓடிப் பன்னிரண்டாவது நாள், லிஞ்ச்பர்க் ஊரில் முதல் வெற்றி.

1954 வாக்கில் ரிச்மண்டில் ஓர் அதிகாரி நாஸ்கார் உரிமம் கொடுத்துவிட்டார். 1959இல் வர்ஜீனியா மாநிலச் சாம்பியன். 1961 மார்ச்சில் தென் கரோலினாவின் ஸ்பார்டன்பர்க்கில், அன்றைய உச்சப் பிரிவான கிராண்ட் நேஷனலில் முதல் ஓட்டம். அப்போது அவருக்கு 39 வயது. உள்ளே வந்ததும் கதவுகள் எல்லாம் திறந்துவிடவில்லை. சில தடங்களில் வேண்டுமென்றே இடித்துத் தள்ளினார்கள், தங்க அறை கிடைக்காமல் வண்டியிலேயே தூங்கிய இரவுகள் உண்டு, டார்லிங்டன் தடம் வருடக்கணக்கில் அவரை உள்ளே விடவில்லை.

இப்போது எல்லாரும் சொல்கிற அந்தக் கதைக்கு வருகிறேன். 1963 டிசம்பர் 1, ஃப்ளோரிடாவின் ஜாக்சன்வில், அரை மைல் மண் தடம், 200 சுற்று. அதே வருடம் ஜூன் மாதம் அவருடைய சொந்த ஊரான டான்வில்லில் சம உரிமை கேட்டு ஊர்வலம் போனவர்களைப் போலீஸ் அடித்து நொறுக்கியிருந்தது, ஆஸ்பத்திரி நிரம்பிய இரவு அது. அந்த ஊரிலிருந்துதான் இந்த மனிதர் வண்டியை இழுத்துக்கொண்டு ஃப்ளோரிடா போகிறார். வண்டி நெட் ஜாரெட் என்ற ஓட்டுநரிடம் பழையதாக வாங்கிய ஷெவர்லே, எண் 34. தடம் குழி விழுந்து கண்டபடி கெட்டுப்போயிருந்தது. நல்ல நல்ல வண்டிகள் உடைந்தன. முடிய 25 சுற்று இருக்கும்போது ரிச்சர்ட் பெட்டியை ஸ்காட் முந்தினார். பெட்டி யார் தெரியுமில்லையா, பிறகு 200 வெற்றி குவித்து இன்றுவரை யாரும் தொட முடியாத இடத்தில் இருப்பவர்.

200 சுற்று முடிந்தது. பந்தயம் முடிந்தது என்று காட்டுகிற கட்டம் போட்ட கொடியை அசைக்கவில்லை. கொடி விழாவிட்டால் ஓட்டுநர் என்ன செய்வார், ஓட்டிக்கொண்டேதான் இருப்பார். 201. 202. இரண்டு சுற்று பின்தங்கியிருந்த பக் பேக்கர் என்ற ஓட்டுநர் கோட்டைத் தாண்டியபோது கொடியை அசைத்து, அவர்தான் ஜெயித்தவர் என்று அறிவித்து, கோப்பையையும் அவரிடம் கொடுத்துவிட்டார்கள்.

அந்தக் காலத்தில் சுற்றுகளை மனிதர்கள்தான் எண்ணினார்கள், கார் கோட்டைத் தாண்டும்போதெல்லாம் ஒருவர் அட்டையில் குறித்துக்கொள்வார். தப்பு நடக்க வாய்ப்பு உண்டு, அதை ஒத்துக்கொள்கிறேன். ஆனால் இரண்டு சுற்று முன்னால் போகிறவரை அத்தனை பேரும் கவனிக்காமல் விட்டார்கள் என்பதை என்னால் ஏற்க முடியாது. வெற்றி மேடையில் அழகிப் பட்டம் வாங்கிய பெண் ஜெயித்தவருக்கு முத்தம் கொடுப்பது வழக்கம், கறுப்பின ஓட்டுநருக்கு வெள்ளைக்காரப் பெண் முத்தம் கொடுப்பதை அவர்கள் விரும்பவில்லை என்றுதான் ஸ்காட் கடைசிவரை நம்பினார். அவர் ஆட்சேபம் சொல்லி, அட்டைகளைச் சரிபார்த்து, கூட்டமெல்லாம் கலைந்துபோன பிறகு, ஆமாம் நீதான் ஜெயித்தாய் என்றார்கள். பரிசுப் பணம் 1000 டாலர் கிடைத்தது. கோப்பை பேக்கரோடு போய்விட்டது. சில வாரம் கழித்து மரத்தில் செய்த சின்னதாக ஒன்றைக் கையில் கொடுத்தார்கள்.

கோபம் வருகிறது, வரத்தான் வேண்டும். ஆனால் இத்தோடு நிறுத்திவிட்டால் அந்த மனிதர் செய்த வேலை பாதிக்கு மேல் மறைந்துபோகும். 495 ஓட்டத்தில் 147 தடவை முதல் பத்து இடத்துக்குள் வந்திருக்கிறார். 20 தடவை முதல் ஐந்துக்குள். 1966இல் வருடப் புள்ளிப் பட்டியலில் ஆறாவது இடம், அதிலிருந்து தொடர்ந்து நான்கு வருடம் பட்டியலில் முதல் பத்துக்குள்.

எதை வைத்துக்கொண்டு? பெட்டி போன்றவர்களுக்கு கார் கம்பெனியே புது என்ஜினும் பாகங்களும் அனுப்பியது. ஸ்காட்டுக்கு அப்படி உருப்படியான ஆதரவு ஒரு நாளும் கிடைத்ததில்லை. பழைய வண்டி, மற்ற அணிகள் கழித்த பாகங்கள், ஓடித் தேய்ந்த டயர், உதவிக்குப் பெற்ற பிள்ளைகள். 1964இல் ஒரே பருவத்தில் 56 பந்தயம் ஓடியிருக்கிறார். கணக்குப் போட்டுப் பாருங்கள், ஏறக்குறைய வாரம் ஒன்று. பந்தயம் முடிந்ததும் வண்டியை இழுத்துக்கொண்டு ராத்திரி முழுக்கப் பயணம், வீட்டுக்குப் பின்னால் இருக்கிற ஷெட்டில் என்ஜினைப் பிரிக்க வேண்டும், பிஸ்டனையும் பேரிங்கையும் பார்க்க வேண்டும், மறுபடி பூட்டி அடுத்த ஊர். இங்கே ஒர்க்‌ஷாப்காரர்கள் சிலர் உட்கார்ந்திருக்கிறீர்கள், ஒரு என்ஜினைப் பிரித்துப் பூட்ட எத்தனை நாள் ஆகும், அதில் எத்தனை தடவை கை வெட்டுப்படும் என்று நான் சொல்லத் தேவையில்லை.

என்ஜின் வெடித்தால் பெட்டிக்கு ஒரு பந்தயம் போகும். ஸ்காட்டுக்கு அடுத்த மாதச் சாப்பாடு போகும். அதனால் எவ்வளவு விரட்டலாம், எங்கே விட்டுக்கொடுக்க வேண்டும் என்று ஒவ்வொரு சுற்றிலும் காதால் கேட்டு முடிவெடுத்தார். ஜெயிக்கிற வேகம் தெரியாதவர் இல்லை, 1962இல் சவானாவில் தகுதிச் சுற்றில் முதலாவதாக வந்தவர்தான். அந்த வேகத்தில் வண்டி வீடு வந்து சேராது என்றும் தெரிந்தவர். அவர் காரின் முன்பக்கத்தில், என்ஜின் மூடிக்குப் பக்கத்தில், மெக்கானிக் பெயர் எழுதுகிற இடத்தில் "மெக்கானிக்: மீ" என்று பெயின்டில் எழுதியிருந்தது. மெக்கானிக் நானேதான் என்று. அந்தப் புகைப்படத்தை வீட்டுக்குப் போய்த் தேடிப் பாருங்கள்.

1990 டிசம்பரில் டான்வில்லில் இறந்தார். 2015இல் நாஸ்கார் தன் புகழ் மன்றத்தில் அவரைச் சேர்த்தது, அங்கே இடம்பெற்ற முதல் கறுப்பினத்தவர். 2021 ஆகஸ்டில், அவருடைய நூறாவது பிறந்த நாளுக்கு முந்தைய நாள், டேடோனா தடத்தில் ஜாக்சன்வில் வெற்றிக்கான கோப்பையைக் குடும்பத்திடம் கொடுத்தார்கள். அதே வருடம் அக்டோபரில் பப்பா வாலஸ் டாலடேகாவில் ஜெயித்தபோதுதான் உச்சப் பிரிவில் ஜெயித்த இரண்டாவது கறுப்பின ஓட்டுநர் வந்தார். நடுவில் ஏறக்குறைய 58 வருடம் போயிருந்தது.

டாலடேகா என்றதும் இன்னொன்று சொல்ல வேண்டும். 1973 மே மாதம், கடன்பட்டு வாங்கிய ஒரு மெர்க்குரி காரில் ஸ்காட் அங்கே ஓடினார், கொஞ்சம் நல்ல வண்டி, இனியாவது முன்வரிசை என்ற ஆசை. பந்தயம் ஆரம்பித்த கொஞ்ச நேரத்திலேயே ஒன்றோடு ஒன்று மோதி இருபது கார் வரை நொறுங்கின. அவருக்கு இடுப்பெலும்பு, விலா எலும்பு, முழங்கால் எல்லாம் அடி. வண்டி போயிற்று, கடன் நின்றது. வயது 51.

அந்த அக்டோபரில், ஐந்தே மாதம் கழித்து, சார்லட்டில் இன்னொரு பந்தயத்தில் அவர் பெயர் இருக்கிறது. அதுதான் கடைசி. வண்டியை முடிவுவரை கொண்டுபோனார், பன்னிரண்டாவது இடம்.