என் மகனுக்குக் கால்சியம் மாத்திரை கொடுத்திருக்கவே கூடாது

வணக்கம் மக்களே. மாத்தூர் தொட்டிப்பாலத்துக்குக் கீழே, பரளியாற்றங்கரையில் நிற்கிறேன். பின்னால் தெரிகிற அந்தப் படிக்கட்டில்தான் போன வருஷம் என் மகன் பாதியில் உட்கார்ந்துவிட்டான். 13 வயது. "அம்மா, எலும்பு வலிக்குது, ஏற முடியல" என்றான். நான் திட்டினேன். நினைத்தால் இன்றைக்கும் நெஞ்சு அடைக்கிறது.

அறிகுறிகள் முன்பே இருந்தன. ராத்திரி மூன்று தடவை எழுந்து செம்பு நிறையத் தண்ணீர் குடிப்பான், ஒன்றுக்குப் போவான். வயிற்று வலி, மலச்சிக்கல் வேறு. நேராக நிற்கச் சொன்னால் முட்டி இரண்டும் ஒட்டும், கணுக்கால் நடுவே நாலு விரல் இடைவெளி. வளர்கிற பிள்ளைக்கு அப்படித்தான் என்றார்கள். நானும் மருந்துக்கடையில் கால்சியம் மாத்திரை வாங்கிக் கொடுத்தேன்.

ரத்தம் எடுத்துப் பார்த்தால் கால்சியம் 13.2. 10.5 வரைக்கும்தான் சரி. பி.டி.எச். ஹார்மோனும் எக்கச்சக்கம். கழுத்தில் தைராய்டுக்குப் பின்னால் அரிசி மணி போல நாலு பாராதைராய்டு சுரப்பிகள் உண்டு, பி.டி.எச். வருவது அவற்றிலிருந்துதான். ரத்தத்தில் கால்சியம் குறைந்தால் எலும்பிலிருந்து எடுத்துக் கொடுக்கும், போதுமானதும் நிறுத்திக்கொள்ளும். இவனுக்கு ஒன்றில் கட்டி வந்து, அது நிறுத்தவே இல்லை. புற்றுநோய்க் கட்டி இல்லை. ஆனால் எலும்பு கரைந்துகொண்டே இருந்தது. ரத்தத்தில் கால்சியம் ஏறினால் சிறுநீரகத்தால் தண்ணீரைப் பிடித்து வைக்க முடியாது, அதனால்தான் அந்தத் தாகம். விட்டிருந்தால் கல்லும் வந்திருக்கும்.

ஒன்று சொல்லிவிடுகிறேன். வைட்டமின் டி குறைந்த பிள்ளைகளுக்கும் பி.டி.எச். கூடும், முட்டி ஒட்டும். ஆனால் அவர்களுக்குக் கால்சியம் குறைவாகவோ சரியாகவோ இருக்கும், மருந்திலேயே சரிசெய்யலாம். அதனால் கால்சியம், பி.டி.எச். இரண்டையும் சேர்த்துப் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள். பார்க்காமல் மாத்திரை வாங்கிக் கொடுக்காதீர்கள்.

திருவனந்தபுரத்தில் ஆபரேஷன் செய்து அந்த ஒரு சுரப்பியை எடுத்தார்கள். மறுநாள் ராத்திரி, "அம்மா, உதட்டைச் சுற்றிக் குறுகுறுங்குது" என்றான். காய்ந்து கிடந்த எலும்பு கால்சியத்தை வாரி இழுக்கிறதாம். நர்ஸ் ஓடிவந்து அவன் கன்னத்தில் விரலால் தட்டினார், வாயோரம் துடித்தது. ரத்தத்தில் கால்சியம் குறைந்ததற்கு அது அடையாளமாம். உடனே டிரிப்பில் கால்சியம் ஏற்றினார்கள். அப்புறம் கொஞ்ச நாள் அதே கால்சியம் மாத்திரைதான், டாக்டர் சொன்ன அளவில்.

இது குடும்பத்தில் வரவும் வாய்ப்பு இருப்பதால் எனக்கும் என் மகளுக்கும்கூடப் பார்த்தார்கள். சரியாக இருக்கிறது.

முட்டி இன்னும் முழுசாக நேராகவில்லை. அடுத்த மாசம் மறுபடி ரத்தம் கொடுக்க வேண்டும். இருங்கள், மேலே பாலத்தில் நின்று கூப்பிடுகிறான்.