ஒட்டுகிற மண்
(கிளை நூலக ஆண்டு விழாவில் பேசியது)

அவைத் தலைவர் அவர்களே, ஊராட்சி மன்றத் தலைவர் அம்மா அவர்களே, பணிக்கு நடுவில் வந்திருக்கும் வட்டார மருத்துவ அலுவலர் அவர்களே, நூலகத்துக்கு இடம் கொடுத்த குடும்பத்தாரே, முன்னால் பாயில் உட்கார்ந்திருக்கும் பிள்ளைகளே, வணக்கம்.

நம் உடம்பின் செல்கள் எதைப் பிடித்து ஒட்டிக்கொள்கின்றன என்பதைப் பற்றித் தோல், ரத்தம், புற்றுநோய் என்று மூன்று விஷயம் பேச வந்தேன். முதலில் தோல்.

எண்ணெய் தடவிக்கொண்டு உருண்டாலும் ஒட்டுகிற மண்தான் ஒட்டும் என்பார்கள். செல்களும் அப்படித்தான். அவற்றைச் சுற்றிக் கொலாஜன், லாமினின், ஃபைப்ரோனெக்டின் என்று ஒரு புரதப் பின்னல் இருக்கிறது. செல்லின் சவ்வுக்குள் நுழைந்து நிற்கும் இன்டெக்ரின் என்ற புரதம் வெளியே அந்தப் பின்னலையும் உள்ளே செல்லின் இழைகளையும் பிடித்துக்கொள்கிறது. மனித உடம்பில் இது 24 வகை. ஒவ்வொன்றும் தனக்குரியதைத்தான் பிடிக்கும். 1984-இல் பியர்ஷ்பாக்கர், ருவோஸ்லாட்டி என்ற இரண்டு விஞ்ஞானிகள் ஃபைப்ரோனெக்டினில் செல் பற்றுகிற இடத்தைக் கண்டுபிடித்தார்கள். அவ்வளவு பெரிய புரதத்தில் அந்த இடத்தின் சாரம், புரதத்தின் செங்கற்களான அமினோ அமிலங்களில் மூன்றே மூன்று. ஒட்டுகிற மண் அவ்வளவுதான்!

என் சித்தி மகள் தன் சொந்தத் தாய்மாமனைக் கட்டிக்கொண்டவள். அவளுக்குப் பெண் பிறந்த மூன்றாம் நாள் குழந்தையின் குதிகாலில் கொப்புளம். எறும்பு கடித்திருக்கும் என்றார் பாட்டி. அப்புறம் முழங்கை, முதுகு. அம்மை என்று வேப்பிலை கட்டினார்கள், மாரியம்மனுக்கு நேர்ந்துகொண்டார்கள். ஒரு மருத்துவமனையில் ஊசி போட்டு பிளாஸ்திரி ஒட்டினார்கள். அதைப் பிரித்தபோது தோலும் சேர்ந்து வந்தது. அந்த அழுகையை நான் வாசலில் நின்று கேட்டேன். பிறகு தோலில் துளி எடுத்துச் சோதித்த மருத்துவர்தான் சொன்னார்: மேல்தோலின் இன்டெக்ரின் பிடிக்க வேண்டிய லாமினின் 332 என்ற வகை போதிய அளவு இல்லை, அதனால்தான் மேல்தோல் பிடிப்பில்லாமல் கழன்றுவருகிறது. இன்று அவள் எட்டாம் வகுப்பு. தையல் உரசாமலிருக்கச் சட்டையை உள்வெளியாகப் போட்டுக்கொள்கிறாள்.

சொந்தம் விட்டுப் போகக் கூடாது என்று கட்டிவைத்தோம். தோல் விட்டுப்போனது.

அத்தை மகனும் மாமன் மகளும் எட்டில் ஒரு பங்கு மரபணுவைப் பகிர்கிறார்கள், தாய்மாமனும் அக்காள் மகளும் நான்கில் ஒரு பங்கு. இருவரிடமும் ஒரே மரபணுக் குறை வெளியே தெரியாமல் ஒளிந்திருந்தால், பிறக்கும் ஒவ்வொரு குழந்தைக்கும் நோய் வர நான்கில் ஒரு வாய்ப்பு. எண்ணெய் தடவி எவ்வளவு உருண்டாலும், ஒட்டுகிற மண் இல்லையென்றால் ஒட்டாது ஐயா!

ரத்தமும் புற்றுநோயும் இன்னொரு நாள். தலைவர் அம்மா, அடுத்த கிராமசபையில் இதைப் பேச அனுமதி கொடுங்கள். சொந்தத்தில் பெண் பார்ப்பவர்கள் ஜாதகத்துக்கு முன்னால் மரபணு ஆலோசனைக்குப் போகட்டும். மருத்துவ அலுவலர் அவர்கள் ஒரு ஞாயிற்றுக்கிழமை ஒதுக்கினால், வீடு வீடாகப் போய் நானே அழைத்து வருகிறேன்.