ஊருக்குப் போன பொருளாதாரம்

எல்லோருக்கும் வணக்கம். டேட்டா சயின்ஸ் துறையைத் தொடங்கிவைக்க ஒரு பொருளாதார வாத்தியாரை ஏன் கூப்பிட்டார்கள் என்று பின்வரிசையில் முணுமுணுப்பது மேடைவரை கேட்கிறது. நியாயமான கேள்விதான். நான் பேச வந்தது மால்கம் ஆதிசேஷையாவைப் பற்றி.

1910இல் வேலூரில் பிறந்தவர். தாம்பரம் கிறித்துவக் கல்லூரியில் பொருளாதாரப் பேராசிரியராக இருந்தார். பிறகு பாரிஸில் இருக்கும் யுனெஸ்கோவுக்குப் போய்த் துணைத் தலைமை இயக்குநர்வரை உயர்ந்தார். ஓய்வுக்காலத்தைப் பாரிஸிலேயே கழித்திருக்கலாம்; யாரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். திரும்பி வந்து 1971இல், மனைவி எலிசபெத்தோடு சேர்ந்து, அடையாற்றில் சென்னை வளர்ச்சி ஆராய்ச்சி நிறுவனத்தைத் தொடங்கினார். 1975 முதல் 1978 வரை சென்னைப் பல்கலைக்கழகத் துணைவேந்தர். கல்லூரிகளுக்குத் தன்னாட்சி வேண்டும் என்று வாதாடியவர். 1978இல் அது வந்தது. இன்று உங்கள் பாடத்திட்டத்தை நீங்களே எழுதிக்கொள்கிறீர்களே, அதன் வேர் அங்கே இருக்கிறது.

டேட்டாவுக்கு வருகிறேன். 1915இல் சென்னைப் பல்கலைக்கழகத்துக்குப் பொருளாதாரப் பேராசிரியராக வந்த கில்பர்ட் ஸ்லேட்டர் ஒரு கேள்வித்தாள் தயாரித்தார். மாணவர்கள் கையில் கொடுத்து, 'உங்கள் ஊருக்குப் போய் விசாரித்து எழுதி வாருங்கள்' என்றார். நிலம் யாரிடம், கூலி எவ்வளவு, கடன் யாருக்கு. அது 1918இல் புத்தகமாயிற்று. 1930களில் பொருளாதார அறிஞர்களான பி. ஜே. தாமஸும் கே. சி. ராமகிருஷ்ணனும் அதே ஊர்களுக்கு மறுபடி ஆள் அனுப்பினார்கள். 1980களில் ஆதிசேஷையாவின் நிறுவனத்து ஆய்வாளர்கள், அந்த ஊர்களில் ஒன்றான இருவேல்பட்டுக்குப் போனார்கள். 2008இல் இருவேல்பட்டு மறுபடி ஆய்வுக்கு உள்ளானது. ஒரே ஊர், தொண்ணூறு வருஷத்துக் கணக்கு! எந்த சர்வரை வாடகைக்கு எடுத்தாலும் இது கிடைக்காது.

ஒரு சின்ன விஷயம். சில வருஷத்துக்கு முன் என் மாணவன் ஒருவன் டேப்லெட்டோடு கணக்கெடுக்கப் போனான். 'தொழில்' என்ற கட்டத்தில் ஒன்றைத்தான் தேர்ந்தெடுக்க முடியும். வாசலில் உட்கார்ந்திருந்த பாட்டி சொன்னார்: "காலையில ஆடு ஓட்டிட்டுப் போவேன். நடவு இருந்தா நடவு. நூறு நாள் வேலை வந்தா அதுக்கும் போவேன். இதுல எதைப்பா எழுதப் போறே?" பையன் விழித்தான். கட்டத்தைக் காலியாக விட்டுவிட்டு வந்தான்.

நான் அவனைத் திட்டவில்லை. அந்தப் படிவத்தை வடிவமைத்தவன் நான்தான். எனக்குப் பயம் வேறு. பைத்தான் என்ற கணினி மொழியில் அந்தக் காலிக் கட்டத்தை ஒரே வரியில் நிரப்பிவிடலாம்: எந்த விடை அதிகம் வந்திருக்கிறதோ அதைப் போடு. பாட்டி 'விவசாயக் கூலி' ஆகிவிடுவார். ஆடுகள் காணாமல் போய்விடும்.

உங்கள் முதல் செமஸ்டர் பாடத்திட்டத்தைப் பார்த்தேன். லேப் நேரம் நிறைய இருக்கிறது. ஊருக்குப் போக ஒரு நாள்கூட இல்லை. துறைத்தலைவர் முன்வரிசையில்தான் இருக்கிறார். பஸ் செலவை யார் தருவது என்பதை, ஐயா, இந்த மேடையை விட்டு இறங்கும் முன்பே பேசிவிடலாமா?